அப்பாவின் சாக்ஸுக்குள் பாத்ரூம் செருப்பு

அன்பும் மரியாதையும் மிக்க சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. நடந்தது அத்தனையையும் நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல், உண்மையாக எழுதப்போகிறேன். "ஒண்ணு விடாம எழுதணும், வாத்தியாரம்மா" என்று நாங்கள் கிளம்பும்போது ஃபோனில் சொன்னது நீங்கள்தான். ஆகையால் இந்தக் கடிதத்தில் உங்களைப் பற்றி வரும் சில இடங்களுக்கு நான் பொறுப்பல்ல. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை நீங்கள் அப்படியே இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன்.

முடிவை முதலிலேயே சொன்னால் சுவை கெட்டுவிடும் என்று எங்கள் டீச்சர் சொல்வார். ஆனால் உங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். அப்பா வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. இரண்டாவது விமானத்தில், என் பக்கத்து இருக்கையில், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். நாளைக் காலை வாசிப்புப் போட்டியின் இறுதிச் சுற்றில் நான் கலந்துகொள்வேன். முன்னால் இருக்கும் சாப்பாட்டுப் பலகையை இறக்கி, அதில் வைத்து எழுதுகிறேன். விமானம் ஆடுவதால் சில எழுத்துகள் ஆடுகின்றன. அது என் கையெழுத்தின் குற்றம் அல்ல.

இனி முறையாக ஆரம்பிக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சித்தியும் படிப்பார், சித்தியிடம் நீங்கள் உங்களுக்குச் சாதகமான பாதியைத்தான் சொல்லியிருப்பீர்கள். அப்பாவின் வலது கால் இடது காலைவிட இரண்டரை சென்டிமீட்டர் குட்டை. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்ததால் வந்தது. அதற்காகவே செய்த ஷூவில் வலது பக்கம் உள்ளே ஒரு மேடு ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கண்ணாடிக் கடையில் அப்பா நாள் முழுக்க மேசைக்குப் பின்னால் நின்று லென்ஸ் பொருத்துவதால், இத்தனை வருடமாக வந்த ஒரு வாடிக்கையாளருக்கும் இந்த விஷயம் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்னால் ஒரே ஒருமுறை, பயிற்சி வகுப்புக்காகக் கடைக்காரர்கள் எல்லாரும் விமானத்தில் போனார்களாம். சோதனை வரிசையில் ஷூவைக் கழற்றச் சொன்னார்களாம். அப்பா நாலு எட்டு நடந்ததைப் பார்த்துவிட்டுக் கூட வந்த ஒருவர் "ஏத்தஇறக்கம்" என்று பெயர் வைத்தாராம். திரும்பி வரும்வரை அதே பெயர்தானாம். அப்பா அன்றைக்கு விட்டதுதான் விமானம். எவ்வளவு தூரமாக இருந்தாலும் ரயில்தான். இதையெல்லாம் அம்மாதான் சொன்னார், அப்பா சொல்லவில்லை.

இந்த நிலையில்தான் எனக்கு இறுதிச் சுற்றுக்கு அழைப்பு வந்தது. பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும். அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லீவு இல்லை. ரயிலில் போனால் போட்டி முடிந்த பிறகுதான் போய்ச் சேருவோம். அப்பா மூன்று நாள் ரயில் அட்டவணையையே புரட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் நீங்கள் வந்து எங்கள் ஹாலில் உட்கார்ந்து, "அண்ணா, நான் மாசத்துக்கு ரெண்டு தடவ பம்ப் விக்கப் பறக்கறவன். இப்பல்லாம் ஷூவைக் கழட்டச் சொல்றதே இல்ல. ரூலை மாத்திட்டாங்க" என்றீர்கள். அம்மா, "சொன்னா?" என்று கேட்டார். நீங்கள் ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, "சொன்னாலும் கவலை இல்ல அண்ணி. மேடு ஷூவுக்குள்ளதானே இருக்கு? சாக்ஸுக்குள்ளயும் ஒண்ணு வெச்சிடுவோம்" என்றீர்கள்.

அந்த யோசனையைக் கேட்டு நானும் கைதட்டினேன் என்பதை உண்மையின் பொருட்டு இங்கே பதிவு செய்கிறேன். அம்மா நீல நிறப் பாத்ரூம் செருப்பின் குதிகால் பக்கத்தை அறுத்து, வலது சாக்ஸுக்குள் வைத்துத் தைத்தார். பிறகு ஒத்திகை. சோபா சோதனை மேசை, துணி ஊறவைக்கும் பேசின் தட்டு, நான் தலை சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சோதிக்கிற அதிகாரி. அப்பா ஷூவைப் பேசினில் போட்டுவிட்டு, சாக்ஸோடு ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். ஒரு சாய்வும் இல்லை. "யோவ் தம்பி, நீ பம்ப் விக்கவேண்டிய ஆளே இல்லடா" என்று உங்கள் முதுகில் தட்டினார். ஆனால் அடுத்த நிமிஷமே முகம் மாறி, "சரி, போறேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். அங்கே எவனாவது கழட்டுன்னு சொல்லி, நாலு பேரு முன்னாடி நான் நொண்டுற மாதிரி ஆச்சுன்னா, அங்கேர்ந்தே வீட்டுக்குத் திரும்பிடுவேன். பாப்பா அழக்கூடாது" என்றார். அழமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். இதற்கு நீங்கள்தான் சாட்சி.

இதுவரை உங்களுக்குத் தெரியும். தெரியாதது இன்று காலையிலிருந்து ஆரம்பிக்கிறது. ஒத்திகையில் ஷூ இல்லாமல்தானே நடந்து பார்த்தோம்? அந்த சாக்ஸோடு ஷூவைப் போட்டு நடந்து பார்க்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காலையில் அப்பா கிளம்பி நின்றால், வலது பக்கம் ஷூவுக்குள் ஒரு மேடு, சாக்ஸுக்குள் ஒரு மேடு. குட்டைக் கால் இப்போது நெட்டைக் கால் ஆகிவிட்டது. "என்னங்க, இன்னிக்கு அந்தப் பக்கமா சாயறீங்க?" என்று அம்மா கேட்டார். வாசலில் டாக்ஸி ஹாரன் அடிக்கிறது. அப்பா உங்களுக்கு ஃபோன் செய்தார். நீங்கள் பல் தேய்த்துக்கொண்டே சொன்னது எனக்கே கேட்டது: "இடது சாக்ஸ்லயும் ஒண்ணு வெச்சுத் தெச்சிடச் சொல்லுங்கண்ணா, சரியாயிடும்." அம்மா இன்னொரு செருப்பையும் அறுத்தார். இரண்டு சாக்ஸிலும் மேடு வந்தது. அப்பா நேராக நின்றார். கொஞ்சம் உயரமாகவும் தெரிந்தார். டாக்ஸியில் ஏறும்போது தலை இடித்துக்கொண்டது அதனால்தான்.

விமான நிலையத்தில் சோதனைக்கு இரண்டு வரிசைகள். சுவரில் ஒரு ஷூவின் படம், அதன் கீழே பெரிய எழுத்தில் "காலணிகளைக் கழற்றவும்". ஆனால் வலது வரிசையில் எல்லாரும் ஷூவோடு போகிறார்கள். இடது வரிசையில் எல்லாரும் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறும் காலோடு நிற்கிறார்கள். அப்பா வலது வரிசைக்குப் போனார். நாங்கள் போய் நின்றதும் அங்கே இருந்த அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர், "ஷூ, பெல்ட் எல்லாம் கழட்டுங்க" என்று கத்தினார். நாங்கள் இடது வரிசைக்கு ஓடினோம். ஓடி வந்து சேர்ந்ததும் அங்கே, "ஷூவெல்லாம் எதுக்கும்மா கழட்டறீங்க, போட்டுக்குங்க, நேரமாகுது" என்றார் ஒருவர். அதைக் கேட்டு அப்பா மூச்சு விட்ட மறு நிமிஷம், அதே ஆள் அடுத்து வந்தவரை, "நீங்க கழட்டுங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. விதி என்று ஒன்று இருந்தால் அதைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை என்று நினைத்து, வரிசையில் இருந்தவர் கைகாட்டிய, ஓரமாக நின்ற அதிகாரியிடம் போனேன். நடந்த உரையாடலை அப்படியே தருகிறேன்.

"சார், ஷூவைக் கழட்டணுமா?"

"அங்கே கேளும்மா."

"அங்கே, உங்களைக் கேக்கச் சொன்னாங்க."

"போர்டுல என்ன போட்டிருக்கு?"

"கழட்டணும்னு போட்டிருக்கு."

"அது பழைய போர்டு."

"அப்ப கழட்ட வேண்டாமா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"கழட்டச் சொன்னா கழட்டு. சொல்லலன்னா கழட்டாதே. இதுல என்ன சந்தேகம்?"

நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதற்குள் அப்பா ஒரு புது வழி கண்டுபிடித்திருந்தார். பின்னால் வந்த ஒவ்வொருவரையும், "நீங்க முன்னாடி போங்க, எங்களுக்கு அவசரமில்ல" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். கைக்குழந்தையோடு வந்த அம்மாவை அனுப்பினார். ஒரு கால்பந்து அணி முழுவதையும் பயிற்சியாளரோடு அனுப்பினார். அந்தப் பயிற்சியாளர் அப்பாவின் கையைப் பிடித்து, "உங்கள மாதிரி மனுஷங்கள இந்தக் காலத்துல பாக்க முடியுமா சார்?" என்று உருகிவிட்டார். அப்பா வரிசையில் முன்னேறவே இல்லை. எங்கள் விமானத்துக்கு அறிவிப்பு வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில், சும்மா நின்றதால், நான் யோசித்துவிட்டேன். யோசித்தது தப்பு. ஷூ இல்லாமல் அப்பாவின் வலது கால் குட்டை. வலது சாக்ஸில் மட்டும் மேடு இருந்தால் சமமாகும். இரண்டு சாக்ஸிலும் ஒரே உயரத்துக்கு மேடு வைத்தால் அப்பா உயரமாவாரே தவிர, குட்டைக் கால் குட்டையாகவேதான் இருக்கும்! சித்தப்பா, அம்மா ஒரு ஜோடி சாக்ஸையும் ஒரு ஜோடி செருப்பையும் பாழாக்கி, ஒத்திகை எல்லாம் பார்த்து, கடைசியில் நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றிருக்கிறோம். அப்பாவிடம் சொல்லவில்லை. உண்மையை எழுதுவதாகத்தான் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன், உண்மையைச் சொல்வதாக யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கடைசியில் முன்னால் அனுப்புவதற்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. அப்பா போய் நின்றார். அங்கே இருந்த பெண் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஷூவோடயே வாங்க சார்" என்றார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்த்து, "சித்தப்பா சொன்னான்ல?" என்று கண்ணாலேயே கேட்டார். கண்ணாடி அறை மாதிரி ஒன்று இருந்தது, அதற்குள் போய் இரண்டு கையையும் தூக்கி நின்றார். நின்றதும் அது கத்தியது. பக்கத்துத் திரையில் ஒரு பொம்மை உருவம் தெரிந்தது. அதன் இரண்டு குதிகாலிலும் மஞ்சள் சதுரம்.

"கால்ல என்ன சார்?"

"கால்தான்."

"குதிகால்ல என்னமோ காட்டுது. ஷூவைக் கழட்டுங்க. சாக்ஸையும் கழட்டிடுங்க."

கவனியுங்கள் சித்தப்பா. அந்த நேரத்தில் அந்த வரிசையில் ஒருவரும் ஷூவைக் கழற்றவில்லை. அத்தனை பேரிலும் ஷூவைக் கழற்றச் சொல்லப்பட்ட ஒரே ஆள் என் அப்பா. சாக்ஸையும் கழற்றச் சொல்லப்பட்ட ஒரே ஆளும் அவர்தான். அதுவும் எதனால்? ஷூவைக் கழற்றச் சொன்னால் உதவும் என்று நாம் வைத்த செருப்பினால்.

அப்பா தூக்கிய கையை இறக்கவில்லை. வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். இடது தோள் திரும்பியது. எனக்கு நன்றாகத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். நான் அழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது கன்னத்துக்கு வரவில்லை, ஆகையால் கணக்கில்லை. "பரவால்லப்பா, வீட்டுக்குப் போயிடலாம்" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் குரல் பாதியில் உடைந்து, கடைசி வார்த்தை தவளை மாதிரி வந்தது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அந்த அதிகாரியைப் பார்த்து, கடையில் காது கேட்காத வாடிக்கையாளரிடம் பேசுகிற குரலில், கையைத் தூக்கியபடியே சொன்னார்: "எனக்கு வலது கால் குட்டைம்மா. இந்த ஷூ அதுக்குன்னு செஞ்சது. சாக்ஸுக்குள்ள இருக்கறது பாத்ரூம் செருப்பு."

"என்னது?"

"பாத்ரூம் செருப்பு. முழுசா இல்ல. குதிகால் மட்டும்."

"அதை எதுக்கு சார் சாக்ஸுக்குள்ள வெச்சீங்க?"

"ஷூவைக் கழட்டச் சொன்னா நொண்டாம நடக்கறதுக்கு."

அந்த அதிகாரி திரையைப் பார்த்தார். அப்பாவின் காலைப் பார்த்தார். "ரெண்டு கால்லயும் வெச்சிருக்கீங்களே. அப்பவும் நொண்டத்தானே செய்வீங்க?"

அப்பா யோசித்தார். வாய் மெதுவாகத் திறந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

"யாரு சார் இந்த யோசனை குடுத்தது?"

"என் தம்பி."

"என்ன வேலை பாக்கறார்?"

"பம்ப் விக்கறான்."

அந்த அதிகாரி "ஓஹோ" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு அதிகாரியிடம் போய் ஏதோ சொன்னார், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மிகச் சாதாரணமாக நடந்தது. "காலுக்குன்னு செஞ்ச ஷூன்னா முதல்லயே சொல்லலாமே சார். அதுக்கெல்லாம் தனியாப் பாப்போம். கையை இறக்குங்க முதல்ல" என்று அந்த அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா உட்கார்ந்தார். ஒரு சின்னத் துணியால் ஷூவைத் துடைத்து, அந்தத் துணியை ஒரு இயந்திரத்தில் வைத்தார்கள், பச்சை விளக்கு எரிந்தது. சாக்ஸ் இரண்டும் மட்டும் இயந்திரத்துக்குள் போக வேண்டியிருந்தது. பெரிய தட்டில், நடுவில், இரண்டே இரண்டு சாக்ஸ், கனமான குதிகாலோடு, ராஜா பவனி போவதுபோலப் போயின. திரைக்கு முன்னால் இருந்தவர் இயந்திரத்தை நிறுத்தி, இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு தட்டை அவர்களே கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்தார்கள். அப்பா ஒரு எட்டுகூட வெறும் காலில் நடக்க வேண்டியிருக்கவில்லை.

அம்மாவின் தையல் லேசில் பிரியாது என்று உங்களுக்குத் தெரியும். கத்தரிக்கோலோ அங்கே யாரிடமும் கேட்க முடியாத பொருள். அப்பா தன் சாக்ஸைத் தானே பல்லால் கடித்துப் பிரித்து, இரண்டு ரப்பர் துண்டுகளையும் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். ஷூவைப் போட்டு எழுந்து நின்றார். முன்பு எப்படி நேராக நிற்பாரோ அப்படியே நின்றார். பிறகு நாங்கள் ஓடினோம். கதவை மூடப்போகும்போது போய்ச் சேர்ந்தோம். அந்தக் கால்பந்துப் பயிற்சியாளர்தான், "ரெண்டு பேர் வராங்க, ரொம்ப நல்லவங்க" என்று கதவருகே நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

விமானம் மாறுகிற ஊரில் மறுபடி சோதனை. இந்தமுறை அப்பா யாரையும் முன்னால் அனுப்பவில்லை. நேராகப் போய், யாரும் கேட்பதற்கு முன்பே, "எனக்கு வலது கால் குட்டை. இது அதுக்குன்னு செஞ்ச ஷூ" என்றார். அங்கே இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே, "இங்கே யாரும் ஷூவைப் பத்திக் கேக்கலியே சார். நகருங்க" என்றார். அப்பா நகர்ந்தார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது என் ஊகம், ஆகையால் ஊகம் என்றே குறிக்கிறேன்.

சித்தப்பா, இப்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று எழுத எனக்கு வார்த்தை போதவில்லை. வழக்கமாகப் போதும். நாளைக்குப் போட்டியில் நான் முதலில் வந்தாலும் கடைசியில் வந்தாலும் இந்த நிம்மதி போகாது. உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதத்தைச் சித்தி தவிர வேறு யாருக்கும் காட்ட வேண்டாம். அப்பாவின் கால் விஷயம் இந்தப் பயணத்தில் மூன்று அதிகாரிகளுக்கும், கொட்டாவி விட்டவரைச் சேர்த்தால் மூன்றரைப் பேருக்கும் மட்டுமே தெரியும். மற்றபடி ரகசியம் பத்திரமாக இருக்கிறது. அப்பா நொண்டியதை யாரும் பார்க்கவில்லை. இனிமேலும் யாரும் பார்க்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்குப் புதிய பாத்ரூம் செருப்பு ஒரு ஜோடி நீங்கள் வாங்கித் தருவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

சித்திக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம். நீங்கள் விற்கிற பம்ப் எல்லாம் தண்ணீர் இறைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள்,
வாத்தியாரம்மா

பின்குறிப்பு: மேலே ரகசியத்தைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். நான் கையெழுத்துப் போடும்போது அப்பா விழித்துக்கொண்டார். "கால் வீங்கிப்போச்சு பாப்பா, இறுக்குது" என்று சொல்லி, யாரும் கேட்காமல், எந்தப் போர்டும் இல்லாமல், தானாகவே இரண்டு ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டு எழுந்தார். வெறும் சாக்ஸோடு விமானத்தின் கடைசிவரை நடந்து போனார். நன்றாகவே நொண்டினார். நான் ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். ஒருவர் தூங்கினார், ஒருவர் மூக்கைத் துடைத்தார், ஒருவர் தன் குழந்தையின் வாயிலிருந்து காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பார்த்த ஒரே ஆள் ஒரு பாட்டி, அவரும் "பாத்ரூம் காலியா இருக்கா தம்பி?" என்றுதான் கேட்டார். அப்பா திரும்பி வரும்போது, கால்பந்து அணியும் இந்த விமானத்தில்தான் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்து, பயிற்சியாளரின் பக்கத்தில் நின்றபடியே பாத்ரூம் செருப்புக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னார். "ஏத்தஇறக்கம்" என்ற பெயரையும் சொன்னார். அணி முழுவதும் சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அப்பாதான். உங்கள் தொழில் என்ன என்பதும் இப்போது அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

இதற்கிடையில் விமானம் இறங்க ஆரம்பித்து முன்பக்கம் சாய்ந்ததில், அப்பாவின் வலது ஷூ இருக்கைகளுக்கு அடியில் வழுக்கி எங்கேயோ முன்னால் போய்விட்டது. நான் குனிந்து பார்த்தேன், நான்கு வரிசைவரை இல்லை. "கெடைச்சா போட்டுக்கலாம். கெடைக்கலன்னா இப்படியே எறங்கிடலாம், இப்ப என்ன?" என்கிறார் அப்பா, பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. இன்னொருமுறை குனிந்து தேடலாம் என்றால், விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.